ஸ்கொயர் டான்ஸ் கிளப்புக்கு காலர் தேடறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு இருந்த விஷயம் இது. நான் இருக்கறது அமெரிக்காவுல வாஷிங்டன் ஸ்டேட், சியாட்டிலுக்குத் தெக்க கென்ட், ஆபர்ன் பக்கம். ஸ்கொயர் டான்ஸ் இந்த ஸ்டேட்டோட அதிகாரபூர்வ நடனம், 1979லயே அறிவிச்சிருக்காங்க. இங்க ஒரு கிளப்புல நானும் வீட்டுக்காரரும் பல வருஷமா ஆடறோம். போன சீசனுக்கு முந்தின சீசன்ல புது ஆளுங்களுக்கு வகுப்பு நடத்தற பொறுப்பு என் கைக்கு வந்துச்சு, அதே நேரம் பார்த்து கிளப்போட காலருக்கும் (மைக்ல சொல்லிச் சொல்லி ஆட வைக்கறவரு) உடம்பு முடியாம போயிடுச்சு, அப்புறம் ஒரு சீசன் முழுக்க நான் தனியா அல்லாடினதுதான் கதை. கிளப் கணக்குல மூவாயிரம் டாலருக்கு மேல போச்சு. ஆசையா வந்த புது ஆளுங்கள்ல பாதிப் பேரு போயிட்டாங்க, எனக்குப் பணத்தை விட அதுதான் இன்னும் வலிக்குது. ஒரே ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா இதுல முக்கால்வாசி நடந்திருக்காது.

தெரியாதவங்களுக்காக மொதல்ல இது என்னன்னு சொல்லிடறேன். நாலு ஜோடி, எட்டு பேரு, சதுரத்தோட நாலு பக்கத்துல நிப்போம். மேடையில மைக்கோட நிக்கறவர்தான் காலர், அடுத்து என்ன ஆடணும்னு அவர் குடுக்கற ஒவ்வொரு கட்டளைக்கும் கால்னு பேரு. அவருக்கு முதுகு காட்டி நிக்கறது ஒண்ணாம் ஜோடி, அதுக்கு எதிர்ல மூணாம் ஜோடி, இந்த ரெண்டும் ஹெட்ஸ். பக்கவாட்டுல நிக்கற மத்த ரெண்டு ஜோடி சைட்ஸ். ஒரு ஆட்டத்துக்கு டிப்னு பேரு, அது ரெண்டு பாகமா வரும். மொதல் பாகம் பேட்டர், அதுல அடுத்து என்ன கால் வரும்னு தரையில நிக்கற ஒருத்தருக்கும் தெரியாது, காலர் அங்கயே யோசிச்சு யோசிச்சு சொல்லிக்கிட்டே போவாரு, நாம கேட்ட உடனே செய்யணும். ரெண்டாவது பாகம் சிங்கிங் கால், காலர் பாடிக்கிட்டே நடுவுல கால் குடுப்பாரு. 64 பீட் அளவு ஏழு தடவ வரும், அதுல நாலு தடவ ஒரே ஃபிகர், அதாவது ஒரே கால் கோர்வை, ஒவ்வொரு தடவயும் ஜோடி மாறி கடைசில நம்ம சொந்த ஜோடிகிட்ட வந்து நிப்போம். மியூசிக் நிமிஷத்துக்கு 120, 128 பீட்னு ஓடிக்கிட்டே இருக்கும், நின்னு யோசிக்க நேரமே கெடையாது. ஒத்திகை பார்த்து ஆடற டான்ஸ் இல்ல இது. அதனாலதான் ஒரு கால்னா அதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கணும், அந்த அர்த்தம் எட்டு பேருக்கும் காலருக்கும் ஒண்ணாவே தெரிஞ்சிருக்கணும்.

ஒரு காலத்துல இப்படி இல்லயாம். 1930கள்ல கொலராடோ ஸ்ப்ரிங்ஸ்ல ஸ்கூல் நடத்தின லாயிட் ஷாங்கறவர் ஊர் ஊரா பழைய நடனங்களைச் சேகரிச்சு தன்னோட ஸ்கூல் பசங்களை வெச்சு நாடு பூரா ஆடிக் காமிச்சாரு, ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இது காட்டுத்தீயா பரவிடுச்சு. ஆளாளுக்கு புதுப்புது கால் கண்டுபிடிச்சு விட, ஒரு ஊர்ல கத்துக்கிட்டவன் அடுத்த ஊர் ஹால்ல போய் நின்னா முழிக்க வேண்டிய நெலம. லாஸ் ஏஞ்சலீஸ்ல பாப் ஆஸ்குட் 1948ல ஆரம்பிச்ச பத்திரிகை மூலமா அடிப்படைப் பட்டியல் ஒண்ணு போட்டுப் பழக்கினாங்க, அப்புறம் 1974ல காலர்லேப்னு காலர்களோட சர்வதேசச் சங்கத்தோட மொத மாநாடு நடந்துச்சு. அந்தச் சங்கம்தான் இன்னிக்கு வரைக்கும் எந்தெந்த கால் எந்தப் படியில வரும், ஒவ்வொண்ணுக்கும் சரியான விளக்கம் என்ன, எங்க ஆரம்பிச்சு எங்க முடியும்னு எழுதி வெச்சிருக்கு. பேசிக், மெயின்ஸ்ட்ரீம், ப்ளஸ், அட்வான்ஸ்ட், சேலஞ்ச்னு படிப்படியா போகும். மெயின்ஸ்ட்ரீம் வரைக்கும் சுமாரா எழுபது கால், ப்ளஸ்ல அதுக்கு மேல இன்னும் ஒரு முப்பது. புது ஆளுங்க சீக்கிரம் ஆட வரணும்னு இப்ப ஐம்பது காலோட எஸ்.எஸ்.டி.ன்னு (சோஷியல் ஸ்கொயர் டான்ஸிங்) ஒரு படியும் கொண்டு வந்திருக்காங்க. ஜெர்மனியோ ஸ்வீடனோ ஜப்பானோ, எங்க போனாலும் கால் இங்கிலீஷ்லதான், அர்த்தமும் அதேதான். ஒரு தடவ எங்க ஹாலுக்கு ஜப்பான்லேர்ந்து வயசான தம்பதி வந்தாங்க. இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசறதுக்கே அவங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு, ஆனா டிப் ஆரம்பிச்சதும் ஒரு கால் கூட விடாம எங்களோட ஆடினாங்க. அதைப் பார்த்துதான் இந்தப் பட்டியலோட அருமை எனக்கு மனசுல பதிஞ்சுச்சு.

இப்ப எங்க கதைக்கு வரேன். எங்க கிளப்புக்கு பல வருஷமா கால் பண்ணினவருக்கு ஆகஸ்ட் கடைசில இதய ஆபரேஷன். செப்டம்பர்ல வகுப்பு ஆரம்பிக்கணும், ஹாலுக்கு சீசன் வாடகை கட்டியாச்சு, நோட்டீஸ் ஒட்டியாச்சு, ரெண்டு ஸ்கொயருக்கு மேல ஆளுங்க பேர் குடுத்திருக்காங்க, அதுல என்னை நம்பி வந்த ரெண்டு தமிழ்க் குடும்பமும் உண்டு. கமிட்டில இருக்கறவங்க பெரும்பாலும் எழுபது தாண்டினவங்க, தலைவரும் அந்த வருஷம் மகள் வீட்டோட அரிசோனா போயிட்டாரு. நல்ல காலருங்களுக்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் முன்னாடியே டைரி நிரம்பிடும்ங்கறது அப்பதான் தெரிஞ்சுது. போன் பண்ணின எடமெல்லாம் வாரநாள் ராத்திரி காலியே இல்லன்னாங்க. கடைசில தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தர் கெடச்சாரு. கல்யாணம், பிறந்தநாள், பண்ணை வீட்டு விழான்னு நெறைய எடத்துல கால் பண்ணினவரு, குரல் கணீர்னு இருக்கும், சிரிக்கச் சிரிக்கப் பேசுவாரு. வாராவாரம் ஃபீஸ் இவ்வளவுன்னு வாய்ப்பேச்சுல முடிவாச்சு. கமிட்டிக்கு நிம்மதி, எனக்கும்தான். இங்கதான் மொதல் விஷயம்: விருந்துக்கு வர்ற முப்பது பேரை ஒரு மணி நேரம் சந்தோஷமா ஆட வைக்கறது ஒரு தனித் திறமை, அதை நான் கொறைவா சொல்லல. ஆனா ஒண்ணுமே தெரியாதவங்களை மாசக்கணக்குல உக்கார வெச்சு எழுபது காலைச் சொல்லிக் குடுக்கறது வேற வேலை. முன்னது தெரிஞ்சவருக்குப் பின்னதும் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல. கேட்க வேண்டிய கேள்வி "எத்தன வருஷமா கால் பண்றீங்க" இல்ல, "எத்தன வகுப்பை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நடத்தியிருக்கீங்க, அவங்க இப்ப எங்க ஆடறாங்க" அப்படீங்கறதுதான்.

வகுப்பு பார்க்க நல்லாத்தான் போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, யாரும் நிக்கல. ஆனா எனக்கு டிசம்பர் வாக்குலயே உள்ளுக்குள்ள ஏதோ உறுத்துச்சு. ஒரு உதாரணம் சொல்றேன், ஆடாதவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஸ்விங் த்ரூன்னு ஒரு கால். நாலு பேரு மாறி மாறி எதிர்ப்பக்கம் பார்த்து கை கோத்து வரிசையா நிப்போம், அதுக்கு ஓஷன் வேவ்னு பேரு. ஸ்விங் த்ரூன்னா வலது கையில ஆள் இருக்கறவங்க வலது கையால அரை சுத்து, அப்புறம் இடது கையில ஆள் இருக்கறவங்க இடது கையால அரை சுத்து. அவ்வளவுதான் விளக்கம். ஆம்பளை பொம்பளைன்னு ஒரு பேச்சே அதுல இல்ல. வழக்கமா வேவ்ல ஆண்கள் ஓரத்துல, பெண்கள் நடுவுல நிப்பாங்க, அதனால வலது சுத்து முடிஞ்சதும் ஆண்கள் நடுவுக்கு வந்துருவாங்க, இடது சுத்து அவங்களோடது. அவர் சொல்லிக் குடுத்தது என்னன்னா "எல்லாரும் வலது, அப்புறம் பாய்ஸ் இடது". அந்த ஒரு எடத்துலேர்ந்து ஆரம்பிச்சா கச்சிதமா வரும். வேற எடத்துலேர்ந்து ஆரம்பிச்சா வராது. வாய்ப்பாட்டை ஒண்ணுலேர்ந்து ராகம் போட்டுச் சொல்ற புள்ளைகிட்ட நடுவுல திடீர்னு ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா எப்படி இருக்கும், அதே மாதிரி. வேவ், டூ ஃபேஸ்டு லைன், காலம்னு நிக்கற அமைப்புகளோட பேரையும் அவர் சொல்லவே இல்ல, ஸ்விங் த்ரூ, பாய்ஸ் ரன், ஃபெர்ரிஸ் வீல்னு கோர்வையா மூணு மூணா பழக்கிட்டே போனாரு, வாரா வாரம் அதே கோர்வை.

இது ஏன் வெளிய தெரியலன்னா அதுக்குக் காரணம் ஏஞ்சல்ஸ். வகுப்புக்கு உதவியா வர்ற பழைய ஆட்டக்காரங்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அவங்க பாசத்துல தோளைப் பிடிச்சு இங்க போ, கையை இழுத்து இதைப் பிடின்னு புது ஆளுங்களைச் சரியான எடத்துல கொண்டு போய் விட்டுருவாங்க. ஸ்கொயர் உடையாது, ஆனா கத்துக்கவும் மாட்டாங்க. நான் கமிட்டில சொன்னேன், "காலர்னு ஒருத்தர் கெடச்சதே பெருசு, ஒண்ணும் சொல்லாதம்மா"ங்கற மாதிரிதான் பதில் வந்துச்சு. அதனால வகுப்பு நடத்தறவங்களுக்கு என்னோட ரெண்டாவது வேண்டுகோள்: மாசம் ஒரு தடவையாவது ஏஞ்சல்ஸ் எல்லாரையும் உக்கார வெச்சுட்டு, புது ஆளுங்க எட்டு பேரை மட்டும் ஒரு ஸ்கொயர்ல நிக்க வெச்சு ஒரு டிப் ஆட விடுங்க. ஜோடியையும் மாத்தி விடுங்க, ஹெட்ஸை சைட்ஸா நிக்க வைங்க. உண்மை அஞ்சே நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

எங்களுக்கு அந்த உண்மை வேற ஹால்ல எல்லார் முன்னாடியும் தெரிஞ்சுது. மார்ச்ல பக்கத்து ஊர் கிளப் ஒண்ணு புது ஆட்டக்காரங்களுக்காகவே ஒரு டான்ஸ் வெச்சாங்க. எங்க ஆளுங்க அத்தன ஆசையோட கெளம்பினாங்க, புதுப் பாவாடை, புது பெயர் பேட்ஜ். அங்க கால் பண்ணின விருந்தாளி காலர் கஷ்டமான எதையும் குடுக்கல, படிக்குள்ளயேதான் நின்னாரு. "ஸ்விங் த்ரூ... ஸ்விங் த்ரூ அகெய்ன்". மொதல் தடவ சரியா வந்துச்சு. ரெண்டாவது தடவைக்கு பெண்கள் ஓரத்துல இருக்காங்க இல்லையா, வலது சுத்து முடிஞ்சதும் அவங்கதான் நடுவுல, இடது சுத்து அவங்களோடது. எங்க பொண்ணுங்க நின்னுட்டாங்க, எங்க பசங்க ஓரத்துல நின்னுக்கிட்டு இல்லாத ஆளுக்கு இடது கையை நீட்டறாங்க. ஸ்கொயர் உடைஞ்சுது. அடுத்த டிப்லயும் உடைஞ்சுது. மத்த ஊர் புது ஆளுங்க எல்லாம் சிரிச்சு ஆடிக்கிட்டிருக்க, எங்க ஆளுங்க சுவரோரமா போய் உக்காந்துட்டாங்க. என்னை நம்பி வந்த தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு ஒருத்தி பார்க்கிங்ல வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, நாங்க தப்பா ஆடினோமா, இல்ல எங்களுக்குத் தப்பாவே சொல்லிக் குடுத்துட்டாங்களா?"ன்னு கேட்டா. எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. அடுத்த வாரம் வகுப்புக்குப் பாதிப் பேருதான் வந்தாங்க. மீதிப் பேரு திரும்ப வரவே இல்ல, நான் ஒவ்வொருத்தரா போன் பண்ணியும்.

பணக் கணக்கையும் மறைக்காம சொல்லிடறேன். அந்த சீசனோட ஹால் வாடகை, வாராவாரம் காலர் ஃபீஸ், நின்னு போனவங்களுக்கு நாங்களே முடிவெடுத்துத் திருப்பிக் குடுத்த வகுப்புக் கட்டணம், எல்லாம் சேர்த்துத்தான் நான் மேல சொன்ன மூவாயிரம். அதுக்கு மேல ஒரு தனி அடி: ஜனவரில வகுப்புக்காகவும் கிளப்புக்காகவும் ஒரு பெரிய டான்ஸ் வெச்சு, மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து நல்ல காலர் ஒருத்தரை புக் பண்ணியிருந்தோம். ஸ்னோக்வால்மி பாஸ்ங்கற மலைக் கணவாய்ல பனி கொட்டி ரோடை மூடிட்டாங்க, அவரால வர முடியல. அவர் மேல எந்தத் தப்பும் இல்ல, ஃபீஸும் கேக்கல. ஹால்காரங்க அட்வான்ஸை மட்டும் திருப்பித் தரல. மலை தாண்டி வர்ற காலரை குளிர்காலத்துல புக் பண்ணினா, பனி பெஞ்சா தேதியை மாத்திக்கலாம்ங்கற வரியை காலர் ஒப்பந்தத்துல மட்டும் இல்ல ஹால் ஒப்பந்தத்துலயும் எழுதி வாங்கணும்.

ஏப்ரல்ல எங்களைக் காப்பாத்தினது அந்த மார்ச் டான்ஸ்ல கால் பண்ணின அதே மனுஷர். தொழில்முறை காலர், வாரத்துல அஞ்சு நாள் எங்கயாவது மைக் பிடிச்சிருப்பாரு. என் மெயிலைப் பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை மத்தியானத்தை எங்களுக்கு ஒதுக்கிக் குடுத்தாரு. மொத நாள் அவர் செஞ்சதை நான் மறக்கவே மாட்டேன். மியூசிக்கே போடல. நாலு பேரை வேவ்ல நிக்க வெச்சு, ஒவ்வொருத்தரையும் "உங்க வலது கையில யாரு? இடது கையில யாராவது இருக்காங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு. அப்புறம் ஸ்விங் த்ரூவை நாலு தடவ பண்ணச் சொன்னாரு. நாலு தடவ பண்ணினா ஒவ்வொருத்தரும் வேவ்ல இருக்கற நாலு எடத்துக்கும் போயிட்டு, ஆரம்பிச்ச எடத்துக்கே திரும்பி வந்துருவாங்க. ஓரம், நடுவு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எல்லாத்துலேர்ந்தும் அந்தக் காலை ஆடிப் பார்த்தாச்சு. மாசக்கணக்கா வராதது அந்த மத்தியானமே வந்துச்சு, அந்தப் பொண்ணு முகத்துல வந்த சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துருச்சு.

அவர்கிட்ட காபி நேரத்துல ஒருநாள் கேட்டேன், எட்டு எட்டு பேரா இத்தன ஸ்கொயர் கலைஞ்சு கெடக்கு, எப்படித் திரும்ப எல்லாரையும் சரியா அவங்கவங்க கார்னர் (ஜோடி இல்லாம அடுத்த பக்கத்துல நிக்கற ஆள்) முன்னாடி கொண்டு வந்து நிறுத்தி அலெமாண்ட் லெஃப்ட் (கார்னரோட இடது கையைப் பிடிச்சு சுத்தற கால்) சொல்றீங்கன்னு. டிப் ஆரம்பிக்கும்போதே ஒண்ணு ரெண்டு ஸ்கொயர்ல யாருக்கு யாரு ஜோடி, யாருக்கு யாரு கார்னர்னு மனசுல படம் பிடிச்சு வெச்சுப்பாராம், அப்புறம் என்ன வேணா கலைச்சு விட்டுட்டு, அந்த ஆளுங்களைக் கண்ணால பார்த்துக்கிட்டே ஒவ்வொரு காலா குடுத்து ஜோடியைச் சேர்த்து, வரிசையைச் சரி பண்ணி, வீட்டுக்கு, அதாவது ஆரம்பிச்ச எடத்துக்கே கொண்டு வந்துருவாராம். ஒரு ஸ்கொயர் உடைஞ்சு போனா சேர்த்து விட்டுட்டு மறுபடி பார்ப்பாரு, அப்படியும் உடைஞ்சா அந்தக் காலைக் கொஞ்ச நேரம் விட்டுட்டு வேற எடத்துலேர்ந்து மெதுவா கொண்டு வருவாரு. இதுக்குன்னு காலர் ஸ்கூல் இருக்கு, காலர்லேப் அங்கீகாரம் குடுத்த கோச் இருக்காங்க, போய் உக்காந்து கத்துக்கிட்டு வர்ற தொழில் இது. பட்டியல் புத்தகத்துல இருக்கும், அதைத் தரையில உசுரோட வெச்சிருக்கறது இப்படிப்பட்ட ஆளுங்கதான். இவங்களுக்குக் குடுக்கற ஃபீஸைப் பார்த்து அதிகம்னு பேரம் பேசற கிளப்புங்களைப் பார்த்தா இப்ப எனக்கு மனசு ஆறல. பாதி ஃபீஸ்ல கெடச்சவரால எங்களுக்கு ஆன செலவு என்னன்னு மேல சொல்லிட்டேன்.

இப்ப நான் காலர் புக் பண்ணும்போது என்ன பண்றேன்னு சொல்றேன். மொதல்ல அவர் கால் பண்ற எடத்துக்கு நேர்ல போய் ஒரு ராத்திரி ஆடிப் பார்க்கறேன், முடிஞ்சா அவரோட வகுப்பை ஓரமா உக்காந்து பார்க்கறேன். காலர்லேப் உறுப்பினரான்னு கேக்கறேன். உறுப்பினர்ங்கறது நல்லா சொல்லித் தருவாருங்கறதுக்கு உத்தரவாதம் இல்ல, ஆனா பட்டியலும் விளக்கமும் மாறும்போது அவருக்கு வந்து சேரும், பாட்டு போடறதுக்கான லைசென்ஸும் சங்கம் மூலமா வாங்க வழி இருக்கு. எந்தப் படி, எந்த வரிசையில சொல்லித் தருவாரு, எந்த வாரம் எது வரைக்கும் வந்திருக்கணும்னு பேசிக்கறோம், காலர்லேப்பே ஒரு வரிசையைப் பரிந்துரை பண்ணியிருக்கு, அதை விட்டு விலகினா ஏன்னு அவரால சொல்ல முடியணும். அப்புறம் காகிதத்துல ஒப்பந்தம்: தேதி, ஆரம்ப நேரம் முடிவு நேரம், படி, ஃபீஸ், பெட்ரோல் செலவு, ஸ்பீக்கர் மைக் யாரு கொண்டு வரணும், உடம்பு சரியில்லன்னா பதிலுக்கு யாரு, ரத்து பண்ணினா என்ன. ஒரு பக்கம்தான் வரும். நல்ல காலருங்க இதைக் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, பாதிப் பேரு அவங்களே ஒரு ஃபாரம் வெச்சிருக்காங்க. ஸ்பீக்கர் விஷயத்தைச் சின்னதா நினைக்காதீங்க, எங்க கிளப்புல காது மெஷின் வெச்சவங்க நெறைய, ஒரு வார்த்தை தெளிவா கேக்கலன்னா அங்க எட்டு பேரும் நிக்கணும்.

வகுப்புல சேரறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. காலர் சொன்னதை மட்டும் நம்பாம அந்த வார விளக்கத்தை வீட்டுல ஒரு தடவ படிங்க, இலவசமாவே கெடைக்குது. டாமினேஷன்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, ஒவ்வொரு காலையும் புள்ளி புள்ளியா நகர்த்திக் காமிக்கும், நான் தூங்கறதுக்கு முன்னாடி அதைத்தான் பார்ப்பேன். வேற கிளப் டான்ஸுக்கு முடிஞ்ச வரை சீக்கிரமே போக ஆரம்பிங்க, வேற குரல்ல வேற எடத்துலேர்ந்து அதே கால் வரும்போதுதான் தெரியுமா தெரியாதான்னு புரியும். ஸ்கொயர் உடைஞ்சா பதறாதீங்க, ஹெட்ஸ் பக்கம் ரெண்டு ரெண்டு ஜோடியா எதிரெதிர் வரிசையில ஜோடியோட நின்னுக்கோங்க, காலர் பார்த்துட்டு உங்களைச் சேர்த்துப்பாரு. டிப் நடுவுல மட்டும் வெளிய போயிடாதீங்க, நீங்க போனா மத்த ஏழு பேரும் ஆட முடியாது.

எங்க வகுப்புல மிஞ்சினவங்க அந்தக் கோடையில மெயின்ஸ்ட்ரீம் முடிச்சாங்க, அந்தத் தமிழ்க் குடும்பங்கள்ல ஒண்ணு இப்ப ப்ளஸ் படிக்குது, இன்னொண்ணு திரும்ப வரவே இல்ல. இந்த செப்டம்பர் வகுப்புக்கு ஒரு வருஷம் முன்னாடியே அதே காலரை புக் பண்ணி கையெழுத்தும் வாங்கியாச்சு, அவர் வர முடியாத வாரத்துக்கு இன்னொருத்தர் பேரும் அதே பேப்பர்ல இருக்கு. யாராச்சும் இப்ப நான் இருந்த நெலமல இருந்தீங்கன்னா அந்த ஒப்பந்தத்தோட நகலைக் கேளுங்க, பேரை எல்லாம் எடுத்துட்டு அனுப்பி வைக்கறேன்.